டிபிஎஸ் போச்சான்னு மீட்டர் வெச்சு பாக்குறது எப்படி

எஃப்ஐ (கார்புரேட்டர் இல்லாம ஃப்யூயல் இன்ஜெக்ஷன்) வண்டி, 40ல சீரா போய்ட்டு இருக்கும்போது லேசா ஆக்சிலேட்டர் குடுத்தா ஒரு செகண்ட் அப்படியே அமுங்கிட்டு அப்புறம் வெடுக்குனு இழுக்குதா, சிக்னல்ல நின்னா ஐடிலிங் ஏறி எறங்குதா? த்ராட்டில் எவ்ளோ தெறந்திருக்குன்னு சொல்ற த்ராட்டில் பொசிஷன் சென்சார் (டிபிஎஸ்) மேல சந்தேகம் வரலாம், ஆனா உடனே கடைக்கு ஓடாதீங்க. த்ராட்டில் பாடில கரி படிஞ்சிருந்தாலும், இன்டேக் ரப்பர் விரிசல் விட்டு காத்து இழுத்தாலும் இதே சேட்டை தான் பண்ணும், அத மொதல்ல பாத்துடுங்க.

டிபிஎஸ் ஒண்ணும் கம்பசூத்திரம் இல்ல. நெறைய வண்டில பழைய ரேடியோவோட வால்யூம் குமிழ் மாதிரி தான் இருக்கும், உள்ள ஒரு கார்பன் ட்ராக், அது மேல ஒரு சின்ன தகடு உரசிக்கிட்டே போகும். 3 வயர்: 5 வோல்ட் சப்ளை, கிரவுண்டு, சிக்னல். ரைடு பை வயர் (கேபிள் இல்லாம மோட்டார் த்ராட்டில தெறக்குற) வண்டின்னா ரெண்டு சிக்னல் வரும், அது வேற கதை.

சாவி ஆன், இன்ஜின் ஸ்டார்ட் பண்ண வேணாம். மீட்டர 20 வோல்ட் டிசில வெச்சு கருப்பு ப்ரோப பேட்டரி நெகட்டிவ்ல வைங்க. கனெக்டர கழட்டாம பின்பக்கமா குண்டூசி விட்டு சிவப்ப அதுல வெச்சு பாக்கணும். சப்ளைல 5 வோல்ட் கிட்ட வரணும், வரலன்னா சென்சார் மேல பழி போடாதீங்க, வயரிங்கையோ இசியூவையோ (இன்ஜினோட கம்ப்யூட்டர்) பாருங்க. கிரவுண்டுல 0.1க்கு கீழ இருக்கணும். சிக்னல் பொதுவா த்ராட்டில் மூடியிருந்தா 0.5 பக்கம், முழுசா தெறந்தா 4.5 பக்கம், வண்டிக்கு வண்டி கொஞ்சம் மாறும்.

இது ரெண்டும் சரியா வந்தா சென்சார் நல்லாருக்குன்னு விட்டுடறாங்க பாருங்க, அங்க தான் தப்பு. த்ராட்டில மெல்ல, ரொம்ப மெல்ல திருகுங்க. 0.8, 0.9, 1.0ன்னு ஏறிட்டே வந்து திடீர்னு 0.2க்கு விழுந்து மறுபடி 1.2ன்னு காட்டுச்சுன்னா ட்ராக் அந்த எடத்துல தேஞ்சு போச்சு. பெரும்பாலும் மொத கால்வாசிக்குள்ள தான் மாட்டும், தெனமும் நாம ஓட்டுறது அந்த எடத்துல தானே. டிஜிட்டல் மீட்டர் இந்த சின்ன சறுக்கல தவற விட்டுடும், முள்ளு மீட்டர் இருந்தா அத எடுங்க, முள்ளு துள்றது கண்ணுக்கே தெரியும். ஸ்கேனர்ல பி0122ன்னு ஃபால்ட் கோட் வந்தா சிக்னல் கம்மி, பி0123 வந்தா ஜாஸ்தி. இவ்ளோ சின்ன சறுக்கலுக்கு பல சமயம் கோடே வராது, அதனால செக் லைட் எரியலன்னு நம்பி உக்காராதீங்க.

திருகும்போதே வயர கொஞ்சம் ஆட்டியும் பாருங்க. என் வண்டில வாட்டர் சர்வீஸ் விட்ட மறுநாளே இந்த தொல்ல ஆரம்பிச்சுது, சென்சாரே தான்னு நெனச்சு பாதி மாத்தவே போய்ட்டேன், கனெக்டர கழட்டினா ஒரு பின்னு பூரா பச்சையா பூத்து கெடக்கு. கான்டாக்ட் க்ளீனர் அடிச்சு பழைய டூத் ப்ரஷ்ல தேச்சேன், சரியாயிடுச்சு.

சென்சார் தான் போச்சுன்னு உறுதியாயிட்டா, சில வண்டிக்கு தனியா கெடைக்காது, த்ராட்டில் பாடியோட தான் தருவாங்க, கேட்டுட்டு பழச கழட்டுங்க. ஸ்க்ரூல பெயிண்ட் மார்க் இருந்தா சும்மா லூஸ் பண்ணி பாக்காதீங்க, கம்பெனில செட் பண்ண எடம் நகந்துடும்.