ஏழு பைப், மூன்று ரப்பர் கொட்டை: ஜி புரதம் முடுக்கப்படுவதைச் செய்து காட்ட

ஹார்மோனைப் பிடிக்கும் சவ்வுப் புரதம் ரிசப்டர்; அது தரும் சேதியைச் செல்லுக்குள் கொண்டுபோவது ஜி புரதம். கண்காட்சிக்கு வரும் ஜி புரத மாதிரிகளில் அடிக்கடி காணும் தப்பு, ஜி புரதம் பிடித்திருக்கும் குவானோசின் டைபாஸ்பேட்டின் மேல் ரிசப்டர் இன்னொரு பாஸ்பேட்டை ஒட்டி டிரைபாஸ்பேட் ஆக்குவதாகக் காட்டுவது. உண்மையில் பழைய மூலக்கூறு முழுசாக வெளியேறும். செல்லுக்குள் குவானோசின் டிரைபாஸ்பேட் டைபாஸ்பேட்டைவிடப் பல மடங்கு அதிகம் என்பதால் காலி இடத்தில் அது தானாக வந்து உட்காரும். இடத்தைக் காலி செய்வதோடு ரிசப்டரின் வேலை முடிந்தது.

அளவு: 1 ஆங்ஸ்ட்ராமுக்கு 2.5 மி.மீ. செல் சவ்வுக்கு 10 செ.மீ. கனத்தில் தெர்மாகோல். முக்கால் இஞ்சு பிவிசி பைப்பில் 15 செ.மீ. துண்டுகள் ஏழு வெட்டி வட்டமாகச் செருகவும்; இவைதான் ரிசப்டரின் ஏழு சுருள்கள். பைப் ஒட்டும் சொல்யூஷன் வேண்டாம், தெர்மாகோல் கரைந்துவிடும். இறுக்கமாகச் செருகினாலே நிற்கும்.

ஆறாவது பைப்தான் உயிர். மேல்முனையை ஆணியில் தொங்கவிட்டு, கீழ்ப்பக்கம் 35 மி.மீ. நகர வெட்டு விடவும். பீட்டா-2 அட்ரினலின் ரிசப்டரும் ஜிஎஸ் என்ற ஜி புரதமும் சேர்ந்திருக்கும் வடிவம் 2011-இல் வெளியானது; அதில் அந்தச் சுருளின் உள்முனை 14 ஆங்ஸ்ட்ராம் வெளியே நகர்ந்திருந்தது.

ஜி புரதத்தில் ஆல்பா, பீட்டா, காமா என மூன்று துணையலகுகள். ஆல்பா துணையலகுக்கு இரண்டு அட்டைகள். நடுவே கீலாக, கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் கிடைக்கும் ரப்பர் ஷீட் பட்டை. கீல் 127 டிகிரி வரை திறக்க வேண்டும். ஒரு அட்டையில் அதே பைப் துண்டு ஒன்று: அது ஆல்பா துணையலகின் ஆல்பா-5 சுருள். டைபாஸ்பேட்டுக்கு நூலில் கோத்த இரண்டு ரப்பர் மரக் கொட்டை, டிரைபாஸ்பேட்டுக்கு மூன்று. பீட்டா, காமா இரண்டையும் ஒன்றாக ஒட்டிவிடலாம், அவை பிரிவதில்லை.

இயக்கும் வரிசை மாறக்கூடாது. மேலே அட்ரினலின் வைத்ததும் ஆறாவது பைப்பை வெளியே தள்ளவும். அந்தப் பள்ளத்தில் ஆல்பா-5-ஐ 15 மி.மீ. ஏற்றவும். அது நகர்வதால்தான் டைபாஸ்பேட்டைப் பிடித்திருக்கும் பகுதி தளர்கிறது. கீல் திறக்கும், இரண்டு கொட்டை விழும். மூன்று கொட்டையை வைத்துக் கீலை மூடியபின் ஆல்பாவை ரிசப்டரிலிருந்தும் பீட்டா-காமாவிலிருந்தும் பிரிக்கவும். பிரிந்தவற்றைத் தரையில் விடவேண்டாம். கொழுப்பு நங்கூரம் இருப்பதால் சவ்வை ஒட்டியே நகரும்.

அணைக்க, மூன்றாவது கொட்டையை வெட்டி எடுத்தால் போதும். ஆல்பா அதைத் தானே செய்துகொள்ளும். காலரா நச்சு என்ன செய்கிறது என்று கேட்டால் அந்தக் கொட்டையை ஃபெவிகால் வைத்து ஒட்டிக் காட்டுங்கள்: ஆல்பாவின் 201-ஆவது அமினோ அமிலமான ஆர்ஜினின் மாற்றப்பட்டு வெட்டும் வேலை முடங்குவதால், செல்லுக்குள் சேதி பரப்பும் சிறு மூலக்கூறான சைக்ளிக் ஏஎம்பி ஏறிக்கொண்டே போகும்.