நோனி சாறு விற்கத் தெரிந்தவர் வரும்போது: நாம் செய்யும் தவறுகள்

நோனி, மங்குஸ்தான், அசாய் என்று பழத்தின் பெயர் மாறும். விற்கும் முறை மாறுவதில்லை. தெரிந்தவர் ஒருவர் பாட்டிலோடு வீட்டுக்கு வருவார். சர்க்கரை, மூட்டுவலி, தைராய்டு எல்லாவற்றுக்கும் இது நல்லது என்பார். சாற்றைப் பற்றிக் கேள்வி கேட்டால் பேச்சு வருமானத்துக்குப் போகும். வருமானத்தைப் பற்றித் துருவினால் சாற்றின் மகிமைக்குத் திரும்பிவிடும். இந்த இரண்டையும் கலந்து யோசிப்பதுதான் முதல் தவறு. மற்றவை பெரும்பாலும் இதிலிருந்து கிளைப்பவைதான். விலை அதிகம் என்று தோன்றும்போது, "நாலு பேரைச் சேர்த்தால் உங்களுக்கு இலவசமாகிவிடும்" என்ற பதில் அந்தத் தயக்கத்தை விழுங்கிவிடுகிறது. ஆட்களைச் சேர்க்கக் கூச்சமாக இருக்கும்போது, "நல்ல பொருளைத்தானே நாலு பேருக்குச் சொல்கிறோம்" என்ற எண்ணம் அதை மறைக்கிறது.

ஆகவே இரண்டையும் பிரித்துவிட வேண்டும். வருமானமே வராது என்றால், இதே விலைக்கு இந்தச் சாற்றைக் கடையில் வாங்குவீர்களா? சாறு இல்லாமல் வேறொரு பொருளாக இருந்தால், இந்தத் தொழிலில் சேருவீர்களா? இரண்டு கேள்விக்கும் தனித்தனியே பதில் வேண்டும்.

சாற்றை முதலில் எடுத்துக்கொள்வோம். நோனி நமக்கு அந்நியமான மரம் அல்ல. நம் மஞ்சணத்திக்கு நெருங்கிய உறவு, இரண்டும் மொரிண்டா பேரினத்தைச் சேர்ந்தவை. அதை உலகச் சந்தைக்குக் கொண்டுபோனது 1996இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் தொடங்கப்பட்ட டஹீட்டியன் நோனி நிறுவனம். 'செரோனின்' என்ற பொருள் உடலின் செல்களைச் சீராக்குகிறது என்பது அந்தக் காலத்து விற்பனைப் பேச்சின் மையம். ரால்ஃப் ஹைனிக்கி என்பவர் முன்வைத்த கருத்து அது. அப்படி ஒரு பொருள் இருப்பதை இன்றுவரை யாரும் பிரித்தெடுத்துக் காட்டவில்லை. 1998இல் அரிசோனா, கலிஃபோர்னியா, நியூ ஜெர்சி, டெக்சாஸ் ஆகிய நான்கு மாநிலங்களின் அரசுத் தலைமை வழக்கறிஞர்கள், ஆதாரமில்லாத நோய் தீர்க்கும் வாக்குறுதிகளுக்காக அந்த நிறுவனத்தின் மீது நடவடிக்கை எடுத்தார்கள். நிறுவனம் 1 லட்சம் டாலர் கொடுத்து, அத்தகைய பேச்சை நிறுத்த ஒப்புக்கொண்டது. அதே யூட்டாவிலிருந்து மங்குஸ்தான் சாறு விற்ற சாங்கோ நிறுவனத்துக்கு 2006இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. அசாய் சாற்றை 750 மி.லி. பாட்டில் ஏறக்குறைய 40 டாலருக்கு விற்ற மோனாவீ, 2005இல் எழுந்து 2015இல் கடனில் மூழ்கி வேறொரு நேரடி விற்பனை நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டது. இந்தக் கதைகள் நம் ஊர் விற்பனைக் கூட்டங்களில் சொல்லப்படுவதில்லை. ஆனால் அங்கே சொல்லப்படும் வாசகங்கள் பெரும்பாலும் அந்தக் காலத்து வாசகங்களின் வாரிசுகள்தான்.

'ஆன்டி-ஆக்சிடன்ட் அளவு இத்தனை ஆயிரம்' என்று ஓர் எண்ணைக் காட்டினால் அதில் மயங்குவது அடுத்த தவறு. அந்த எண் சோதனைக் குழாயில் அளக்கப்பட்டது. குடித்த பிறகு உடலில் என்ன நடக்கிறது என்பதை அது சொல்லாது. ஓராக் என்ற இந்த அளவுப் பட்டியலை வெளியிட்டுவந்த அமெரிக்க வேளாண்மைத் துறையே, அது தவறாகப் பயன்படுத்தப்படுகிறது என்று சொல்லி 2012இல் தன் தளத்திலிருந்து நீக்கிவிட்டது. அந்த வகைச் சோதனைகளை அப்படியே ஏற்றுக்கொண்டாலும் விற்பவர்களுக்கு அது உதவாது. 2008இல் வெளியான ஓர் ஒப்பீட்டில் மாதுளைச் சாறு முதலிடத்தில் வந்தது, அசாய் நடுவில்தான் நின்றது. அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்ததும் ஒரு மாதுளைச் சாறு நிறுவனம் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். வைட்டமின் சி தான் வேண்டும் என்றால், 100 கிராம் கொய்யாவில் 200 மி.கி. அளவுக்கு இருக்கிறது. பெரியவர் ஒருவரின் அன்றாடத் தேவையைவிட அது இரண்டு மடங்குக்கும் அதிகம். நார்ச்சத்தும் கூடவே கிடைக்கிறது.

பாட்டிலில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் எண் இருந்தால் அரசாங்கமே அந்தப் பொருளின் பலனுக்குச் சான்று கொடுத்துவிட்டது என்று நினைக்கிறோம். அந்த 14 இலக்க எண் உணவுத் தொழில் நடத்துவதற்கான உரிமம். நோய் தீரும் என்பதற்கு அது சாட்சி அல்ல. அதே லேபிளில், ஊட்டச்சத்துத் துணைப் பொருள் என்றால், மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்ற வரி இருக்க வேண்டும் என்பது விதி. விற்பவர் வாயால் சொன்னதையும் லேபிளில் அச்சாகியிருப்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சர்க்கரை நோய் குணமாகும் என்று நிறுவனம் அச்சிடாது. அச்சிட்டால் சட்டம் பாயும். அந்த வார்த்தையை உங்கள் உறவினரின் வாயால் சொல்ல விட்டுவிடுகிறது. இந்த வியாபார முறையில் எனக்கு மிகவும் கோபம் வரும் இடம் இதுதான். பொய்யின் பொறுப்பு, அதைப் பொய்யென்றே அறியாத ஒரு நல்ல மனிதரின் தலையில் ஏற்றப்படுகிறது.

அந்த நல்ல மனிதர் சொல்லும் அனுபவமும் உண்மையாகவே இருக்கலாம். சாறு குடிக்கத் தொடங்கியவர் பெரும்பாலும் அதே வாரத்தில் இனிப்பைக் குறைத்திருப்பார், நடக்கத் தொடங்கியிருப்பார், மாத்திரையை ஒழுங்காகப் போட்டிருப்பார். மூட்டுவலி தானாகவே ஏறி இறங்கும். வலி உச்சத்தில் இருக்கும்போது வாங்கிய எதுவும் பலன் தந்ததுபோலவே தோன்றும். குடித்து வயிறு கெட்டாலோ உடம்பில் தடிப்பு வந்தாலோ, "கழிவு வெளியேறுகிறது, நிறுத்தாதீர்கள்" என்று சொல்வார்கள். அதைக் கேட்காதீர்கள். உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

பணம் போவதைவிடப் பெரிய இழப்பு மருந்தை நிறுத்துவதில் இருக்கிறது. சர்க்கரை மாத்திரை, இன்சுலின், ரத்த அழுத்த மாத்திரை எதையும் சாற்றை நம்பிக் குறைக்கக் கூடாது. சிறுநீரக நோயாளிகள் தனியாகக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு: நோனி சாற்றில் ஆரஞ்சு, தக்காளிச் சாறுகளுக்கு இணையான அளவில் பொட்டாசியம் இருக்கிறது. பொட்டாசியம் குறைந்த உணவில் இருந்த ஒரு சிறுநீரக நோயாளிக்கு, நோனி சாறு குடித்ததால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறியது 2000ஆம் ஆண்டில் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. ரத்த அழுத்தத்துக்கும் இதய நோய்க்கும் கொடுக்கப்படும் டெல்மிசார்டன், லோசார்டன், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மாத்திரைகளும் பொட்டாசியத்தை ஏற்றக்கூடியவை. பொட்டாசியம் மிகுந்தால் இதயத் துடிப்பு தடுமாறும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் போடுகிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. நோனியால் கல்லீரல் பாதிக்கப்பட்டது என்று ஆஸ்திரியாவிலிருந்து சில செய்திகள் வந்தன. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2006இல் அவற்றைப் பரிசீலித்து, சாறுதான் காரணம் என்பதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை என்றது. ஆரோக்கியமாக இருப்பவர் கொஞ்சம் குடித்தால் ஆபத்து என்று நான் பயமுறுத்தவில்லை; அந்த விலைக்கு ஏற்ற பலன் இல்லை என்றே சொல்கிறேன்.

இனி வருமானம். ஆளுக்கு ஐந்து பேரைச் சேர்த்தால் போதும் என்று வெள்ளைப் பலகையில் வட்டம் போட்டுக் காட்டுவார்கள். அந்த வட்டங்களை நீங்களே தொடர்ந்து வரையுங்கள். 5, 25, 125 என்று போனால் 11ஆவது அடுக்கில் மட்டும் 4.88 கோடிப் பேர் வேண்டும். அதுவரை சேர்ந்தவர்களின் மொத்தம் 6.1 கோடி, 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மக்கள்தொகையே 7.21 கோடிதான். அந்த 6.1 கோடியில் ஐந்தில் நான்கு பங்கினர் கடைசி அடுக்கில் இருப்பார்கள், அவர்களுக்குக் கீழே யாரும் இல்லை. நடைமுறையில் இதற்கு வெகு முன்பே, மூன்றாவது நான்காவது அடுக்கிலேயே, சேர்க்க ஆள் கிடைக்காமல் நின்றுவிடும். உறுப்பினர் ஐ.டி. ஆக்டிவாக இருக்க மாதம் இத்தனை பாயின்ட்டுக்குப் பொருள் வாங்க வேண்டும் என்ற நிபந்தனையால், விற்காத பாட்டில்கள் வீட்டு அலமாரியில் சேரும். சேரும் முன் உங்களை அழைப்பவரிடம் ஒன்று கேளுங்கள்: சென்ற ஆண்டு கமிஷனாக வந்தது எவ்வளவு, பொருள் வாங்கவும் கூட்டங்களுக்குப் போகவும் செலவானது எவ்வளவு? மேடையில் காட்டப்படும் காசோலையில் இந்த இரண்டாவது எண் இருக்காது.

2021 டிசம்பரில் மத்திய அரசு நேரடி விற்பனைக்கான நுகர்வோர் பாதுகாப்பு விதிகளை வெளியிட்டது. ஆள் சேர்ப்பதை வைத்தே பணம் தரும் பிரமிடு திட்டங்களுக்கும் பணச் சுழற்சித் திட்டங்களுக்கும் அதில் தடை இருக்கிறது. அடையாள அட்டையும் முன் அனுமதியும் இல்லாமல் விற்பனையாளர் வீட்டுக்கு வரக் கூடாது. குறைதீர் அலுவலர் ஒருவரை நிறுவனம் நியமிக்க வேண்டும். பில் இல்லாமல் வாங்காதீர்கள். பில் இல்லாதவரின் புகார் வலுவாக நிற்காது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

எல்லாம் தெரிந்தும் பலர் வாங்குவது தாட்சண்யத்தால்தான். அத்தை மகனிடம், கூட வேலை செய்பவரிடம் எப்படி இல்லை என்பது? உடனே முடிவு சொல்ல வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. "என் டாக்டரிடம் லேபிளைக் காட்டிவிட்டுச் சொல்கிறேன்" என்றால் யாரும் புண்படமாட்டார்கள். அவருக்கு உதவத்தான் நினைக்கிறீர்கள் என்றால் பணமாகவே கொடுத்துவிடுங்கள், முழுத் தொகையும் அவர் கைக்குப் போகும். ஏற்கெனவே மாத்திரையை நிறுத்திவிட்டு சாறு குடித்துவருபவர் வீட்டில் இருந்தால், அவரோடு வாதாடி நாளைக் கடத்தாமல், இந்த வாரமே மூன்று மாத சர்க்கரை அளவைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1.சி. சோதனையையும், சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியேட்டினின் சோதனையையும், பொட்டாசியம் சோதனையையும் எடுத்து, பாட்டிலோடு மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.