ஃப்ளாப்பில் எப்போது பெட் வைப்பது?

டெக்சஸ் ஹோல்டெம் போக்கரில் ஜோடியில்லாத இரண்டு சீட்டோடு இறங்கினால் ஏறக்குறைய மூன்றில் இரண்டு தடவை ஃப்ளாப்பில், அதாவது மேசையில் முதலில் திறக்கும் மூன்று பொதுச் சீட்டில், ஒரு ஜோடிகூடச் சேராது, எதிராளிக்கும் அதே கதைதான், அதனால் ஃப்ளாப்புக்கு முன் ரைஸ் செய்தவர் (பந்தயத்தை உயர்த்தியவர்) நீங்கள், எதிரில் ஒரே ஆள், விழுந்தது கிங், 7, 2, மூன்றும் வெவ்வேறு சின்னம் என்றால் கையில் ஒன்றுமில்லாவிட்டாலும் தைரியமாக வையுங்கள். பாட் (நடுவில் சேர்ந்திருக்கும் பந்தயத் தொகை) 300 என்றால் 100 போதும். நான்கில் ஒருமுறை அவர் ஃபோல்ட் செய்தாலே (சீட்டைப் போட்டுவிட்டு விலகினாலே) நஷ்டமில்லை.

அதுவே 9, 8, 7 விழுந்து, அதில் இரண்டு ஹார்ட் என்றால்? வெறுங்கையோடு இருந்தால் செக், அதாவது எதுவும் வைக்காமல் விடுங்கள். உங்கள் ரைஸுக்குச் சமமாக வைத்து கால் செய்தவரிடம்தான் இந்த நடுத்தரச் சீட்டுகள் அதிகம் இருக்கும், லேசில் போகமாட்டார். செட் (கையிலுள்ள ஜோடிக்கு மேசையில் அதே மதிப்பில் மூன்றாவது சீட்டு) அடித்திருந்தால் மட்டும் பெரிதாக வையுங்கள், ட்ராவோடு (இன்னும் ஒரு சீட்டு வந்தால் பலமாகிவிடும் கையோடு) இருப்பவர் அடுத்த சீட்டைச் சும்மா பார்க்கக்கூடாது.

அப்புறம், எதிரில் மூன்று பேர் இருந்தால் வெறுங்கையோடு ப்ளஃப் வேண்டவே வேண்டாம்.