நின்ற லாரியின் பின்னால் மோதி மரணம்: தப்பு யார் மேல் என்று பார்ப்பது எப்படி?

இரவில் நின்றிருந்த லாரியில் பைக் மோதி ஆள் இறந்துவிட்டால், ‘பின்னால இடிச்சவன் மேலதான் தப்பு’ என்று ஸ்டேஷனிலேயே சொல்லிவிடுவார்கள். எங்கள் சித்தப்பா விஷயத்திலும் எஃப்ஐஆர் அவர் பேரிலேயே போட்டு, ஆள் இறந்துவிட்டதால் மேல் நடவடிக்கை இல்லை என்று முடித்தார்கள். ஆனால் இழப்பீட்டுத் தீர்ப்பாயம் அந்த ஒரு தாளை மட்டும் பார்த்து முடிவு செய்வதில்லை.

முதலில் எஃப்ஐஆர், பார்வை மகஜர் (விபத்து நடந்த இடத்தைப் பார்த்து போலீஸ் எழுதும் குறிப்பு), மாதிரி வரைபடம் (அந்த இடத்தை போலீஸ் வரையும் படம்), மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை எல்லாவற்றையும் வாங்குங்கள். வாட்ஸ்அப் போட்டோ வேண்டாம், சான்றளித்த நகல்தான் கடைசிவரை கைகொடுக்கும்.

அப்புறம் வரைபடம். நாங்கள் அதிக நாள் தடுமாறியது இங்கேதான். தார் விளிம்பிலிருந்து லாரி எவ்வளவு உள்ளே நின்றது, தெருவிளக்கு எங்கே, பிரேக் தடம் உண்டா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். எங்கள் வரைபடத்தில் லாரியின் இடது சக்கரங்கள் மட்டும் மண்ணில், மீதி முழுக்கச் சாலைமேல். மகஜரிலோ பார்க்கிங் விளக்கு எரிந்ததாக ஒரு வரிகூட இல்லை. மற்றவர்களுக்கு ஆபத்தாக வண்டியை நிறுத்தக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 122. நேரில் போய் டேப் பிடித்து அளந்துவிடுங்கள், மேப் ஆப்பை நம்பி அளவு சொல்லாதீர்கள்.

சரி, தப்பு இரண்டு பக்கமும் இருந்தால்? பங்கு பிரிப்பார்கள். 2017இல் கோவையில் முன்னால் போன கார் திடீரென்று பிரேக் போட, பைக்கில் வந்த மாணவர் அதில் மோதி விழுந்து, பின்னால் வந்த பேருந்து ஏறிக் காலை இழந்தார். 2025இல் உச்ச நீதிமன்றம் காருக்கு 50, பேருந்துக்கு 30, மாணவருக்கு 20 சதவீதம் என்று பிரித்தது. மரண வழக்கிலும் இதே முறைதான், இறந்தவரின் பங்கு மட்டும் தொகையில் கழியும்.

கிரிமினல் வழக்கில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். தீர்ப்பாயத்தில் எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்பதே கணக்கு, அதனால் லாரி டிரைவர் விடுதலையானாலும் மனம் தளராதீர்கள். மனு போட விபத்து நாளிலிருந்து ஆறு மாதம் என்று சட்டத்தில் இருக்கிறது, காரியம் முடிந்த கையோடு வக்கீலைப் பாருங்கள்.

பின்சேர்க்கை: பைக்கின் பின்சீட்டில் உட்கார்ந்து வந்தவர் இறந்திருந்தால் என்ன என்று சிலர் கேட்டார்கள். இரண்டு வண்டி மேலும் தப்பு இருந்தால், அவர் குடும்பம் எந்த வண்டிக்காரரிடமும் முழுத் தொகையைக் கேட்கலாம், 2015லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஓட்டியவரே இறந்து, வண்டியும் லைசென்சும் அவர் பேரில் இருந்தால், அவருடைய பாலிசியில் 15 லட்சம் தனிநபர் விபத்துக் காப்பீடு இருக்கிறதா என்று பாருங்கள். அதற்கு யார் மேல் தப்பு என்ற கேள்வியே கிடையாது.