விசையை விட்ட பிறகும் ஓடும் உருவம்: பழைய வீட்டுக் கணினிகளில் பஃபரும் ரிப்பீட்டும்

பிபிசி மைக்ரோ, கமடோர் 64, இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் போன்ற 1980களின் கணினிகளில் பேசிக் மொழியில் நிரல் எழுதுகிறவர்களை அதிகம் அலைக்கழிப்பவை இரண்டு. விசையிலிருந்து விரலை எடுத்த பிறகும் விளையாட்டில் உருவம் ஓடிப்போய்ச் சுவரில் முட்டுகிறது. அல்லது ஒருமுறை தட்டினால் எழுத்து இரண்டாக விழுகிறது. முதலாவது, அழுத்திய எழுத்துகளை நிரல் படிக்கும்வரை வரிசையாகச் சேர்த்துவைக்கும் பஃபர் செய்யும் வேலை; இரண்டாவது, அழுத்திப் பிடித்த விசையின் எழுத்தைத் திரும்பத் திரும்பத் தரும் ரிப்பீட் அமைப்பாகவோ அழுக்கடைந்த தொடுமுனையாகவோ இருக்கலாம். எது என்று பிரித்தறியாமல் எண்களை மாற்றினால் குழப்பம்தான் கூடும். (கட்டளைகளை இங்கே உச்சரிப்பின்படி தந்திருக்கிறோம், கணினியில் ஆங்கில எழுத்துகளில் அடியுங்கள்.)

பிபிசி மைக்ரோவில் விசையை அழுத்திப் பிடித்தால் அரை நொடிக்குப் பின் 8 சென்டிநொடிக்கு (நொடியின் நூறில் ஒரு பங்கு ஒரு சென்டிநொடி) ஒருமுறை, அதாவது நொடிக்குப் பன்னிரண்டு முறை, அதே எழுத்து பஃபரில் சேர்கிறது. உங்கள் நிரல் நொடிக்கு ஐந்தைத்தான் படிக்கிறது என்றால் மீதி அங்கேயே தேங்கும். அந்தப் பஃபர் 32 பைட், ஓர் எழுத்துக்கு ஒரு பைட். நிறைந்துவிட்டால், விரலை எடுத்த பிறகும் ஆறு நொடிக்கு உருவம் நிற்காது. கமடோர் 64-இல் பஃபர் 10 எழுத்துதான். ஆனால் இரண்டு நொடித் தாமதமே விளையாட்டைக் கெடுக்கப் போதும்.

எனவே விளையாட்டுகளில் பஃபரைப் படிக்கவே கூடாது. விசை இந்தக் கணம் அழுந்தியிருக்கிறதா என்று நேரடியாகக் கேளுங்கள். பிபிசியில், விசையைப் படிக்கும் இன்கீ-க்கு எதிர்ம எண் கொடுக்க வேண்டும்:

இஃப் இன்கீ(-98) தென் இடப்பக்கம் (இசட் விசை)
இஃப் இன்கீ(-67) தென் வலப்பக்கம் (எக்ஸ் விசை)

கமடோர் 64-இல், நினைவக முகவரியிலுள்ள எண்ணைக் காட்டும் பீக் கொண்டு பீக்(197) பாருங்கள். எதுவும் அழுந்தாதபோது 64, ஏ-வுக்கு 10, டி-க்கு 18, ஸ்பேஸ் விசைக்கு 60 வரும். பஃபரிலிருந்து எழுத்தை எடுக்கும் கெட் கட்டளையை விட முடியாத நிரலானால், முகவரியில் எண்ணை எழுதும் போக் கொண்டு போக் 649,1 என்று பஃபரை ஓர் எழுத்தாகச் சுருக்குங்கள். முடிந்ததும் 10-க்குத் திருப்புங்கள். 0 போட்டால் விசைப்பலகையே செத்துவிடும்.

நேரடியாகப் படித்தாலும் பஃபர் பின்னணியில் நிரம்பிக்கொண்டுதான் இருக்கும். ஆட்டம் முடிந்து பெயர் கேட்கும் இடத்தில் எக்ஸ் எழுத்துகள் வரிசையாக வந்து விழுவது அதனால்தான். ஆகவே ஒவ்வொரு இன்புட்டுக்கும் முன் காலி செய்யுங்கள்: பிபிசியில் *எஃப்எக்ஸ் 21,0, கமடோரில் போக் 198,0. கோப்பை அழிக்கலாமா என்பது போன்ற கேள்விகளுக்கு முன் இதை ஒருபோதும் விடாதீர்கள். தேங்கிக் கிடந்த ஒரு ஒய் எழுத்தே சம்மதமாகிவிடும். ஏதேனும் ஒரு விசைக்காகக் காத்திருக்கக் கமடோரில்:

போக் 198,0: வெயிட் 198,1

ஸ்பெக்ட்ரத்தில் பஃபர் என்று ஒன்று இல்லை. கடைசி விசை ஒன்றை மட்டும் நினைவில் வைத்திருக்கும். அதனாலும் தொல்லை உண்டு: பழைய விசை மிச்சமிருந்தால் விசைக்காகக் காத்திருக்க வேண்டிய பாஸ் 0 காத்திருக்காமல் உடனே தாண்டிவிடும். பாஸ் 1: பாஸ் 0 என்று எழுதினால் முதல் பாஸ் மிச்சத்தைத் துடைத்துவிடும். அதற்கு முன்பே விசையிலிருந்து விரல் எடுக்கப்பட்டிருக்க வேண்டும். அதை உறுதிசெய்ய:

10 இஃப் இன்கீ$<>"" தென் கோ டு 10

ரிப்பீட் வேகத்துக்கு வருவோம். பிபிசியில் *எஃப்எக்ஸ் 11 தொடக்கத் தாமதம், *எஃப்எக்ஸ் 12 இடைவெளி, இரண்டும் சென்டிநொடியில். எடிட் செய்ய 30, 4 வசதியானது. தாமதத்தை 10-க்குக் கீழே இறக்கினால் ஒவ்வொரு தட்டும் இரட்டிக்கும், திருத்தும் கட்டளையைக்கூட அடிக்க முடியாது. *எஃப்எக்ஸ் 12,0 இரண்டையும் பழைய நிலைக்குக் கொண்டுவரும். நிரலில் பிழை நேர்ந்தால் ஓடும் ஆன் எரர் வரியிலும் அதைச் சேர்த்துவிடுங்கள், இல்லையேல் எஸ்கேப் அழுத்தி வெளியேறுகிறவர் மாட்டிக்கொள்வார். ஸ்பெக்ட்ரத்தில் இதே இரண்டும் 23561, 23562 முகவரிகளில் இருக்கின்றன. ஐம்பதில் ஒரு நொடி அலகில் இயல்பு மதிப்பு 35, 5. கமடோரில் போக் 650,128 எல்லா விசைகளையும் ரிப்பீட் ஆக்கும், 64 எதையும் ஆக்காது, 0 இயல்புநிலை.

எழுத்து இரட்டித்தால் முதலில் ரிப்பீட்டை நிறுத்திப் பாருங்கள். பிபிசியில் *எஃப்எக்ஸ் 11,0. அப்போதும் இரட்டித்தால் தொடுமுனைதான் குற்றவாளி. கமடோரில் இந்தச் சோதனைகூட வேண்டாம்: இயல்புநிலையில் கர்சர், ஸ்பேஸ், டெலிட் விசைகள் மட்டுமே ரிப்பீட் ஆகும், ஆகவே எழுத்து விசை இரட்டித்தால் வன்பொருள்தான். மின்சாரத்தைத் துண்டித்து, விசைப்பலகையைக் கழற்றி, பின்பக்கத் திருகுகளை எடுங்கள். ஷிஃப்ட் லாக்கின் இரண்டு கம்பிகளைச் சால்டர் நீக்கினால்தான் பலகை வெளியே வரும். பலகையின் தொடுமுனைகளை ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சால் துடையுங்கள். விசைகளின் அடியிலுள்ள கரிப்பூச்சு ரப்பரை லேசாக ஒற்றினால் போதும். அழுத்தித் தேய்த்தால் கரி உரிந்து அந்த விசை நிரந்தரமாகப் போய்விடும். நன்றாக உலர்ந்த பின்னரே மீண்டும் மூடுங்கள்.