சாலை விபத்தில் காயமடைந்தவர் இழப்பீடு கோருவது எப்படி?

சாலையோரம் நடந்து சென்ற என் தந்தை மீது இருசக்கர வாகனம் மோதிக் கால் எலும்பு முறிந்தபோது, இழப்பீட்டு மனுவுக்கான ஆயத்தம் மருத்துவமனை வாசலிலேயே தொடங்கிவிடுகிறது என்பது எங்களுக்குத் தெரியவில்லை. இந்தியாவில் அதே நிலையில் இருப்பவர்களுக்காக, நாங்கள் கடந்து வந்த படிகளை எழுதுகிறேன்.

படி 1: விபத்துப் பதிவேடு

நாங்கள் இடறியது இங்கேதான். அவசரப் பிரிவில் சேர்க்கும்போது, விபத்து எப்படி நடந்தது என்று மருத்துவர் கேட்டு எழுதும் ஓரிரு வரிகள் பின்னர் முக்கியச் சான்றாகின்றன. தந்தையை அழைத்துச் சென்றவர் பதற்றத்தில் "கீழே விழுந்துவிட்டார்" என்று மட்டும் சொல்ல, அதுவே பதிவாயிற்று. காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் குறுக்கு விசாரணையில் அந்த வரியைப் பிடித்துக்கொண்டு, வாகனம் மோதவே இல்லை என்று வாதிட்டார். நேரில் கண்ட ஒருவர் வந்து சாட்சி சொன்ன பிறகே அந்தச் சிக்கல் தீர்ந்தது. ஆகவே எந்த வாகனம், எந்த இடம், எத்தனை மணி என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். காயமடைந்தவர் நினைவோடு இருந்தால் அவரே சொல்லட்டும். ஏ.ஆர். எனப்படும் இந்தப் பதிவேட்டின் நகலை விரைவில் வாங்கி வாசியுங்கள். பிழை இருந்தால் நீங்களாகத் திருத்த முயலாமல், உடனே எழுத்து மூலம் மருத்துவமனையிடம் தெரிவித்து, அக்கடிதத்தின் நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: முதல் தகவல் அறிக்கை

புகார் அளித்தவருக்கு இதன் நகலை இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். வாகன எண் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

படி 3: ஆவணங்கள்

மருந்துச் சீட்டு, ரசீது, ஆட்டோ செலவு, இழந்த ஊதியம் அனைத்தையும் தேதிவாரியாக எழுத, செயலிகளைவிடச் சாதாரண நோட்டுப் புத்தகமே மேல் என்பது என் உறுதியான கருத்து. புகைப்படங்களின் மூலக் கோப்புகளை அழிக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால், எடுக்கப்பட்ட நேரம் பற்றிய உள்விவரம் நீங்கிவிடும்.

படி 4: மனு

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 166-ஆவது பிரிவின்கீழ், விபத்து நடந்த இடத்தில் மட்டுமல்லாமல், நீங்கள் வசிக்கும் பகுதிக்குரிய விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலும் மனுத் தாக்கல் செய்யலாம். 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் இதற்கு 6 மாதக் கெடு விதிப்பதால், சிகிச்சை முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஊனத்தின் சதவீதமும் வருமான இழப்பின் சதவீதமும் ஒன்றல்ல. ஒரே கால் முறிவு, அலுவலகத்தில் அமர்ந்து எழுதுபவரையும் மூட்டை தூக்குபவரையும் ஒரே அளவில் பாதிப்பதில்லை. எனவே காயமடைந்தவர் நாள்தோறும் செய்த வேலை இன்னதென்று மனுவில் விரிவாக எழுத உங்கள் வழக்கறிஞரிடம் சொல்லுங்கள்.

பிற்சேர்க்கை: மோதிய வாகனம் நிற்காமல் போய்விட்டால் என்ன செய்வது என்று வாசகர்கள் சிலர் கேட்டிருந்தனர். வாகனம் எதுவென்று கண்டறிய முடியாதபோது, 161-ஆவது பிரிவின்கீழ் உயிரிழப்புக்கு 2 லட்சம் ரூபாயும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் பெற வழியுண்டு. இதற்கான விண்ணப்பத்தை, விபத்து நடந்த பகுதியின் வருவாய்க் கோட்டாட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள்.