சபைச் செய்தி மடல் போடப் போகிறவருக்கு

பத்தொன்பது வருஷமாக எங்கள் சபையின் மாதச் செய்தி மடலை நான்தான் போட்டு வருகிறேன். தூரவாணிநகர் ஐ.டி.ஐ. டெலிபோன் ஃபாக்டரியில் வேலை பார்த்த காலத்தில் தலையில் விழுந்தது, ஓய்வு பெற்றும் இறங்கவில்லை. இப்போது கண்ணில் புரை. அடுத்த மாதம் முதல் ஒரு தங்கச்சி எடுத்துக்கொள்கிறாள். அவளிடம் வாயால் சொன்னதையெல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன். பெங்களூரில் தமிழ் ஆராதனை நடக்கிற சபை சி.எஸ்.ஐ.யோ, லுத்தரனோ, மெதடிஸ்டோ, யாராவது ஒருவர் இந்த வேலையில் மாட்டிக்கொண்டுதான் இருப்பார்.

"செய்திகளைச் செயலாளரிடம் கொடுக்கவும்" என்று அறிவித்துவிட்டு உட்கார்ந்தால் வருவது இரண்டே இரண்டு: பேரப்பிள்ளையின் பிறந்தநாள் போட்டோ, கனடாவில் வேலை கிடைத்த செய்தி. மற்றதைத் தேடித்தான் போக வேண்டும். ஆராதனை முடிந்து காபி கொடுக்கிற இடத்தில் அரை மணி நேரம் நில்லுங்கள். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் எல்லார் வீட்டு விஷயமும் தெரிந்த ஒரு அக்கா இருப்பார், எந்தச் சபையிலும் இருப்பார். அவரைப் பகைத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் அவர் சொன்னதை அப்படியே போட்டும் விடாதீர்கள். வீடு சந்திப்புக்குப் போகிற உபதேசியாரிடம் கேளுங்கள். எல்லாவற்றையும்விட, காலி இடத்தைப் பாருங்கள். ஒருவர் வழக்கமாக உட்காரும் பெஞ்சில் இரண்டு ஞாயிறு இல்லை என்றால் நான் போன் செய்வேன். பாதிச் செய்தி எனக்கு அப்படித்தான் கிடைத்தது.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் சபையில் நான்கு ஜெபராஜ். பேச்சில் 'பால்கார ஜெபராஜ்', 'மிலிட்டரி ஜெபராஜ்' என்று சமாளிக்கலாம், அச்சில் முடியாது. இனிஷியலை மட்டும் நம்பினால் குழப்பம், ஏனென்றால் அதில் இரண்டு பேர் 'டி'. லிங்கராஜபுரம் ஜெபராஜ், காக்ஸ் டவுன் ஜெபராஜ் என்று இருப்பிடத்தைச் சேர்த்துப் போடுங்கள். எழுத்திலும் வம்பு உண்டு. வேதாகமத்தில் எபெனேசர் என்று இருக்கும், ஆனால் எங்கள் பொருளாளர் தன்னை எபநேசர் என்றுதான் எழுதுவார். அவர் பெயர், அவர் எழுதுகிறபடியே இருக்கட்டும்.

பெண்களைக் கணவர் பெயரில் போடாதீர்கள். எங்கள் மூத்த அங்கத்தினர் ஒருவரை வருஷக்கணக்காக 'திருமதி' போட்டு அவர் வீட்டுக்காரர் பெயரிலேயே அச்சிட்டு வந்தேன். அந்தப் பாட்டி காலமானபோது மரணச் செய்தி எழுத உட்கார்ந்தால், பாட்டியின் சொந்தப் பெயர் எனக்குத் தெரியவில்லை. அதைக் கேட்க மூன்று வீடு ஏறி இறங்கினேன்.

மரணச் செய்திதான் மடலில் முதலில் படிக்கப்படுவது. 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்பதோடு விட்டுவிடாமல் வயது, தேதி, அடக்க ஆராதனை எங்கே நடந்தது, ஓசூர் ரோடு கல்லறையா வேறு இடமா, எல்லாம் வேண்டும். சொந்த ஊரைக் கட்டாயம் போடுங்கள். பெங்களூரில் முப்பது வருஷம் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தவர்கள், "இவர் முதலூர்க்காரரா? எங்கம்மாவும் அங்கேதானே!" என்று அப்போதுதான் கண்டுபிடிப்பார்கள். கோலார் தங்கவயலிலிருந்து வந்தவர்களுக்கு வெறும் 'கே.ஜி.எஃப்.' போதாது. மாரிக்குப்பமா, ஆண்டர்சன்பேட்டையா, சாம்பியன் ரீஃப்ஸா என்று இருக்க வேண்டும். 2001இல் சுரங்கம் மூடிய பிறகு அந்தக் குடும்பங்கள் எங்கெங்கோ பிரிந்துவிட்டன. சுரங்கத் தொழிலாளர் குடியிருந்த லைன் வீட்டு அடையாளம் ஒன்றுதான் அவர்களைச் சேர்த்து வைத்திருக்கிறது.

நோய்ச் செய்தியில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். பல வருஷம் முன்னால் 'ஜெபக் குறிப்புகள்' பகுதியில், வலிப்பு நோயிலிருந்து விடுதலை கிடைக்க ஒரு பெண்ணுக்காக ஜெபிக்கும்படி பெயரோடு போட்டேன். அம்மாதான் ஜெபக்கூட்டத்தில் கேட்டிருந்தார், நானும் நல்லெண்ணத்தில்தான் போட்டேன். ஆறு மாதம் கழித்து அந்தப் பெண்ணுக்கு வரன் பேசினார்கள். மாப்பிள்ளை வீட்டார் வேறு சபை. யாரோ அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். பேச்சு நின்றுபோனது. அம்மா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அந்தப் பெண் அடுத்த வருஷமே வேறு சபைக்கு மாறிவிட்டாள்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே முறைதான். ஜெபக்கூட்டத்தில் சொன்னது அந்த அறையோடு சரி. மடலில் வர வேண்டுமானால் நோயாளியே என்னிடம் சம்மதம் சொல்ல வேண்டும். அம்மா, அப்பா, ஆயர் சொன்னால் போதாது. சம்மதித்தாலும் நோயின் பெயர் வேண்டாம். 'சுகவீனமாக இருக்கும் நம் சகோதரி' என்றால் கர்த்தருக்குப் புரியாதா என்ன? மனநலம், குழந்தையில்லாமை, குடி, இந்த மூன்றையும் சம்மதம் இருந்தாலும் அச்சில் ஏற்றாதீர்கள்.

கல்யாணம் சுலபம். முதல் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, ஆலயத்தில் வாசிக்கிறவரை ஒரு வரியும் போடக்கூடாது, அவ்வளவுதான். மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பதே, ஆட்சேபம் உள்ளவர்கள் சொல்லட்டும் என்றுதானே? நாம் முந்திக்கொள்ளக் கூடாது. ஞானஸ்நானம், திடப்படுத்தல் பெயர்களைச் சபைப் பதிவேட்டிலிருந்து நேரே எடுத்துக்கொள்ளுங்கள்.

அறுப்பின் பண்டிகை மாதம் மடலுக்குக் கொண்டாட்டம். பெங்களூரில் யாருக்கு வயல் இருக்கிறது? ஆனாலும் பூசணிக்காய் வரும், தேங்காய்க் குலை வரும், கால் கட்டிய கோழி வரும், வீட்டில் செய்த கேக் வரும். ஏலத்தில் ஒரு சுரைக்காயை இரண்டு மச்சான்கள் போட்டி போட்டு 1,500 ரூபாய்க்குக் கொண்டுபோனார்கள், அது மார்க்கெட்டில் முப்பது ரூபாய்கூட இருக்காது. 'அறுப்பின் பண்டிகை சிறப்பாக நடைபெற்றது' என்று எழுதாமல் அந்தச் சுரைக்காயைப் பற்றி எழுதுங்கள். அதே மாதம் காணிக்கைப் பட்டியலும் வரும். தொகை வரிசையில் அடுக்கினால் 200 ரூபாய் கொடுத்த விதவைத் தாயார் கடைசியில் வருவார். நான் அகர வரிசைக்கு மாற்றினேன், கமிட்டியில் இரண்டு கூட்டம் சண்டை நடந்தது. நீங்களும் மாற்றுங்கள், சண்டை வந்தால் வரட்டும். சாப்பாட்டைத் திருநெல்வேலிக்காரர்கள் அசனம் என்பார்கள், மற்றவர்கள் அன்பின் விருந்து என்பார்கள். நான் ஒரு வருஷம் இது, மறு வருஷம் அது.

கமிட்டித் தேர்தல் வருகிற மூன்று மாதம் யார் போட்டோவும் போடாதீர்கள், ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளைத் தவிர. திடீரென்று எல்லாரும் கண் சிகிச்சை முகாம் நடத்துவார்கள், போர்வை கொடுப்பார்கள், பக்கத்தில் போட்டோகிராபர் நிற்பார். ஆயர் இடமாற்றமும் அப்படித்தான். பேராயத்துக் கடிதம் ஆராதனையில் வாசிக்கப்படும்வரை வதந்தி வதந்திதான். ஊரில் அத்தியட்சாதீன (பேராய) நிர்வாகத் தகராறு, நீதிமன்ற வழக்கு என்று வாட்சப்பில் வருவதற்கும் இங்கே இடமில்லை. அதைத் தேடிப் படிக்கிறவர்களுக்கு வேறு வழி இருக்கிறது.

பக்கம் காலியாக இருந்தால் என்ன செய்வது? செப்டம்பர் மடலில் வருஷா வருஷம், 1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபை உருவான கதையை யாராவது எழுதிக் கொடுப்பார்கள். லுத்தரன் சபை என்றால் ஜூலையில், 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த மிஷனரி சீகன்பால்கு கதை. வரலாறு நல்லதுதான், ஆனால் ஒரே கட்டுரையை எத்தனை வருஷம் படிப்பது? நான் ஒரு தடவை தொண்ணூறு வயதுத் தாத்தாவிடம் போனேன். அப்பா லண்டன் மிஷன், அம்மா வெஸ்லியன்; 1947இல் ஒன்றாகச் சேரும்வரை இரண்டும் தனித்தனிச் சபை, இரண்டு பக்கத்துச் சொந்தமும் கிறிஸ்துமஸுக்கு வேறு வேறு கோயில். "யூனியன் வந்ததும்தான் எங்க வீட்ல எல்லாரும் ஒரே நேரத்துக்குச் சாப்பிட்டோம்" என்றார். அந்த மாதம் மடல் போதவில்லை.

டி.டி.பி. பற்றி ஒன்று. சிவாஜிநகரில் எனக்கு வேலை செய்து கொடுக்கிற பையன் கன்னடக்காரன், தமிழ் பேசுவான், படிக்கத் தெரியாது. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்ததை யூனிகோடுக்கு மாற்றும்போது எழுத்து உடையும். 'கௌ' வர வேண்டிய இடத்தில் 'கெ' பக்கத்தில் ஒரு 'ள' நிற்கும். திரையில் கண்ணுக்குத் தப்பிவிடும். ஆகவே தாளில் புரூஃப் எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்து, பெயர்களை மட்டும் ஒருமுறை சத்தமாகப் படியுங்கள்.

அப்புறம், பார்வை மங்கியவர்களுக்காக மடலை வாசித்து வாட்சப்பில் ஐந்து நிமிஷ ஆடியோ அனுப்புகிறேன். தமிழ் படிக்கத் தெரியாத நம் பிள்ளைகளும் அதைத்தான் கேட்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஒவ்வொரு மாதமும் இரண்டு பிரதியைத் தனியாக எடுத்து வையுங்கள். என்னுடையவை இரண்டு பிஸ்கட் டின்னில், அந்துருண்டையோடு, கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன. போன மாதம் ஒரு பையன் வந்தான். அவன் கைக்குழந்தையாக இருந்தபோது அம்மா இறந்துவிட்டார். "எங்கம்மா சேதி வந்த மடல் இருக்குமா அங்கிள்?" என்றான். 2008, ஆகஸ்ட். எடுத்துக் கொடுத்தேன். நாலே வரி. நின்றபடியே படித்துவிட்டு, போட்டோ எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டான். இரண்டு பிரதி இருந்ததால் ஒன்றை அவனுக்கே கொடுத்துவிட்டேன்.